இரண்டு ஆட்டமும் தோற்றவர்கள்

அன்புள்ள அண்ணா,

நலமா? கல்லூரி நாட்களில் இரவெல்லாம் விழித்திருந்து அமெரிக்காவில் வட்டாரந்தோறும் நடக்கும் சண்டை வீடியோ கேம் போட்டிகளை ஸ்ட்ரீமில் பார்ப்பேன். மார்ச் என்றால் அட்லாண்டாவின் ஃபைனல் ரவுண்ட், ஏப்ரல் என்றால் கலிபோர்னியாவின் நார்கால் ரீஜனல்ஸ், மே மாதம் சிகாகோ பக்கம். என் நாட்காட்டியே அதுதான். இப்போது வேலை கிடைத்து சிகாகோவுக்கு அருகிலேயே வந்துவிட்டேன். வந்து பார்த்தால் அந்த வரிசையே கலைந்து கிடக்கிறது. ஆன்லைன் வந்து கெடுத்தது என்கிறார்கள் நண்பர்கள். கம்பெனிகளின் பணம் என்கிறார்கள் சிலர். கொரோனா என்பவர்களும் உண்டு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அந்தக் காலம் திரும்புமா?

இன்னொன்று. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ன் ஆன்லைன் தரவரிசையில் நான் பிளாட்டினம், மாஸ்டர் அதற்கு மேலே. மாஸ்டர் ஆன பிறகு ஒரு போட்டிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். எந்தக் கதாபாத்திரத்தை எடுத்தால் சீக்கிரம் ஏறலாம்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உன் கடிதத்தை வெட்டித்தான் போட்டிருக்கிறேன். சண்டை கேம்களின் மிகப் பெரிய வருடாந்திரப் போட்டியான ஈவோவில், 2004-ல், ஜப்பானிய ஆட்டக்காரர் டைகோ உமெஹாரா, உயிர் ஒரு கோடு மட்டும் மிச்சமிருக்கும்போது, அமெரிக்கர் ஜஸ்டின் வாங் ஆடிய சுன்-லீ கதாபாத்திரம் விட்ட 15 அடியையும் தடுத்துத் திருப்பி அடித்ததைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தாய். அதை எடுத்துவிட்டேன். வேறொரு காரணத்துக்காக நானே அதற்கு வருவேன். எந்தக் கதாபாத்திரம் என்று என்னைக் கேட்காதே. யாரைப் பார்த்தால் உனக்கு ஆடத் தோன்றுகிறதோ அவரை எடு.

ஆன்லைன் கெடுத்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆன்லைனில் ஆடும்போது தாமதம் தெரியாமல் செய்கிற ரோல்பேக் முறைக்கு வழிகாட்டிய ஜிஜிபிஓ மென்பொருளை எழுதிய டோனி கேனன், ஈவோவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆட்களை ஒரே கூடத்தில் சேர்த்தவரேதான் தூரத்தில் இருப்பவர்களும் ஒழுங்காக ஆட வழி செய்தார். வீட்டிலேயே நன்றாக ஆட முடிகிறது என்பதற்காக யாரும் வீட்டோடு இருந்துவிடவில்லை. 2023 ஈவோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு மட்டும் 7000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். கொரோனாவோ எல்லாக் கதவுகளையும் ஒன்றாகத்தான் மூடியது. பிறகு சில திறந்தன, சில திறக்கவில்லை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று உன் நண்பர்கள் யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நாளாக நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் கடிதமும் சரியாக அந்த நேரத்தில் வந்தது. நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று: ஒரு வட்டாரப் போட்டியைத் தாங்கி நிற்பவர், காலையில் வந்து இரண்டு ஆட்டமும் தோற்று வெளியேறுகிறவர். அடுத்த வருடமும் அவர் வந்தால் போட்டி இருக்கும். வராவிட்டால் மேடையில் யார் ஆடினாலும் இருக்காது.

கணக்கைப் பார். 64 பேர் ஆடுகிறார்கள், இரண்டு முறை தோற்றால் வெளியே. முதல் சுற்றில் 32 பேர் தோற்று, ஒரு முறை தோற்றவர்களுக்கான லூசர்ஸ் பக்கம் வருவார்கள். அவர்களுக்குள் ஆடும்போது 16 பேர் இரண்டாவது முறையும் தோற்பார்கள். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் போகிறவர்கள் சரியாகக் கால்வாசி. யார் எவ்வளவு பயிற்சி செய்தாலும் இந்தக் கால்வாசி மாறாது, பிராக்கெட்டின், அதாவது ஆட்ட அட்டவணையின், அமைப்பே அப்படி. தலைக்குப் பத்து டாலர் என்று வைத்துக்கொண்டால் பரிசுப் பானையில் விழும் 640 டாலரில் 160 இவர்களுடையது. ஈவோவின் பழைய பங்கீட்டில் முதலிடத்துக்கு 60 சதவீதம், அடுத்து 20, 10, 4, இரண்டு பேருக்கு 2, இரண்டு பேருக்கு 1. எட்டுப் பேருக்குப் பிறகு யாருக்கும் ஒன்றுமில்லை. நுழைவுக் கட்டணத்தோடு இடத்துக்கான வென்யூ ஃபீஸும் தனியாக உண்டு, ஹால் வாடகை அதிலிருந்துதான் போகிறது. அதையும் ஜெயிக்கிறவர் கட்டுகிற அளவுக்கே தோற்கிறவரும் கட்டுகிறார்.

பணம் மட்டுமென்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். 1996-ல் சன்னிவேலில் பேட்டில் பை த பே நடந்தபோது ஆடியவர்கள் 40 பேர். பிற்பாடு ஈவோ ஆனது அதுதான். அன்று ஆடியதெல்லாம் ஆர்கேட் மெஷின்களில். மெஷின் கடைக்காரருடையது, நீ காசை மட்டும் எடுத்துப் போனால் போதும். 2004-ல் ஈவோ கன்சோலுக்கு மாறியது, பெரிய சண்டையோடுதான் மாறியது. கன்சோலும் டிவியும் ஆன பிறகு வட்டாரப் போட்டிகளுக்கு அவை யார் வீட்டிலிருந்து வந்தன என்று நினைக்கிறாய்? ஸ்ட்ரீமில் அது தெரியாது. மேடையில் இருக்கும் ஒரு திரையைத்தான் நீ பார்த்தாய்.

நான் கலிபோர்னியாவில் இருந்த காலத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு ஹோட்டலின் பெரிய ஹால். நாற்பதை நெருங்கிய ஒருவர் தன்னுடைய 23 அங்குல மானிட்டரைப் போர்வையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். செட்டப், அதாவது மானிட்டரும் கன்சோலும், கொண்டுவருகிறவர்களுக்கு வென்யூ ஃபீஸில் தள்ளுபடி உண்டு. மேஜையில் மானிட்டரை வைத்து, கன்சோலை மாட்டி, யாரும் தடுக்கி விழாமலிருக்க எக்ஸ்டென்ஷன் வயரை டேப் போட்டுத் தரையோடு ஒட்டினார். பத்து மணிக்கு அவருடைய பூல், அதாவது முதற்கட்ட ஆட்டக் குழு, ஆரம்பித்தது. பதினொன்று அடிப்பதற்குள் இரண்டையும் தோற்றுவிட்டார். கிளம்பவும் முடியாது, அவர் மானிட்டரில் மற்றவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். அவரைத் தோற்கடித்த பையனும் கொஞ்ச நேரத்தில் அதே திரையில் தோற்று எழுந்தான். எதில் தப்பு செய்தேன் என்று இவர் அவனிடம் கேட்டார். "நீங்க கீழே விழுந்து எழும்போதெல்லாம் பட்டனை அழுத்துறீங்க. நான் அதுக்காகக் காத்திருந்தேன்" என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னான். அவர் ஒன்றும் பேசவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார். அன்றிரவு அவர் அறைக் கதவு திறந்தே கிடந்தது. அதே மானிட்டர், அதே பையன், கட்டிலிலும் தரையிலும் முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர். நானும் போய் உட்கார்ந்தேன். அடுத்த வருடமும் அவர் வந்தார். கூடவே இரண்டு பேரைக் கூட்டி வந்தார்.

அவர் பெயர் எந்த முடிவுப் பட்டியலிலும் மேலே இருக்காது. ஆனால் அந்த மானிட்டர் வராவிட்டால் அந்தப் பூலே நடந்திருக்காது. அந்த அறை இல்லையென்றால் அந்தப் பையன் மறுவருடம் வந்திருப்பானா என்பதும் சந்தேகம்.

ஹோட்டல் கணக்கும் இவர்கள் தலையில்தான் விடியும். ஹால் மலிவாகக் கிடைக்க வேண்டுமென்றால், எங்கள் ஆட்கள் இத்தனை அறை எடுப்பார்கள் என்று நடத்துகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். அறைகள் போகவில்லையென்றால் அவர்தான் கையிலிருந்து கட்டவேண்டும். பரிசுக்காக ஊர் ஊராகச் சுற்றும் இளைஞர்கள் ஒரே அறையில் ஆறு பேர் படுத்துக்கொள்வார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்கூட்டியே அறை போடுகிறவர், வேலைக்குப் போகிற, தோற்கப் போவதாகத் தெரிந்தே விடுப்பு எடுத்து வருகிற ஆள். அவர் நின்றுவிட்டால் இந்த ஒப்பந்தம் நடத்துகிறவரின் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்.

இனி உன் நண்பர்கள் சொன்ன கம்பெனிப் பணம். அதில் பாதி உண்மை இருக்கிறது. 2014-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டரைத் தயாரிக்கும் காப்காம் நிறுவனத்தின் போட்டித் தொடர், காப்காம் புரோ டூர், வந்தது. ஃபைனல் ரவுண்ட், நார்கால் போன்றவை புள்ளி தருகிற நிறுத்தங்களாயின. ஜப்பானிலிருந்து புள்ளிக்காகப் பறந்து வந்தார்கள். அந்த ஆட்டங்களை நேரில் பார்ப்பது பெரிய பாக்கியம், நானும் வாய் பிளந்து பார்த்தவன்தான். ஆனால் ஹாலின் அமைப்பு மாறியது. மேடை பெரிதானது, விளக்குகள் வந்தன, நாற்காலிகள் எல்லாம் மேடை பார்த்துத் திரும்பின. சும்மா உட்கார்ந்து ஆடுவதற்கான செட்டப்கள் சுவரோரம் ஒதுங்கின. காலையில் தோற்றவருக்கு ஒரே வேலை மிச்சமிருந்தது: பார்வையாளராக இருப்பது. பார்ப்பதற்கென்றால் வீட்டில் சோபா இருக்கிறதே! 2020-ல் டூர் ஆன்லைனுக்குப் போனபோது புள்ளிகளும் போயின. புள்ளியை நம்பி உருமாறிய இடங்களில் திரும்பி வர யார் மிச்சம்? வருடத்தில் இரண்டு ரீஜனலுக்குப் போய்வந்தவர், அந்தப் பணத்தைச் சேர்த்து ஒரே ஒரு முறை லாஸ் வேகாசுக்கு ஈவோ பார்க்கப் போக ஆரம்பித்தார். அவரைத் தப்பென்று சொல்லமாட்டேன், அவரை முதலில் பார்வையாளராக்கியது யார் என்றுதான் கேட்பேன்.

நீ இருக்கும் ஊர்ப்பக்கத்தையே எடுத்துக்கொள். அங்கே ஆடம் ஹார்ட் நடத்திய யுஎஃப்ஜிடி என்ற போட்டி 2014-ல் பத்தாவது பதிப்போடு நின்றது. மறுவருடமே ரிக் தையர் காம்போ பிரேக்கரைத் தொடங்கினார், அது இன்னும் உயிரோடு இருக்கிறது. 2020-ல் அவர்கள் கூடிவந்த ஃபெசன்ட் ரன் ஹோட்டலே மூடப்பட்டது. இடம் மாறி ஷாம்பர்கில் மறுபடி கூடினார்கள். இவ்வளவையும் எப்படித் தாண்டியது? யுஎஃப்ஜிடி காலத்திலிருந்து தொடரும் ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன், நீ அதைக் கிண்டலாகக் கடந்திருப்பாய். மிஸ்டரி டோர்னமென்ட். எந்த விளையாட்டு என்று நாற்காலியில் உட்காரும்வரை தெரியாது. யாருக்கும் பயிற்சி கிடையாது, உலக சாம்பியனும் நீயும் அந்த நிமிடம் சமம். காலையில் எல்லாவற்றிலும் தோற்றவர் மாலையில் ஏதோ ஒரு பழைய விளையாட்டில் ஜெயித்துக் கத்துவார். தோற்றவருக்கு என்ன வைத்திருக்கிறோம் என்று உட்கார்ந்து யோசித்தவர்களின் மூளையிலிருந்து வந்தது அது. சிறு விளையாட்டுகளுக்கும் அங்கே மேஜை உண்டு, நடத்த ஆள் உண்டு.

டைகோவுக்கு வருகிறேன். நீ நூறு முறை பார்த்திருப்பாய். அது எந்த ஆட்டம் தெரியுமா? லூசர்ஸ் ஃபைனல். இருவருமே அதற்கு முன்னால் ஒரு முறை தோற்றவர்கள். டைகோ அந்த ஆட்டத்தை ஜெயித்துப் போய் இறுதி ஆட்டத்தில் கென்ஜி ஒபாட்டாவிடம் தோற்றார், அந்த ஆண்டுக் கோப்பை அவருக்கு இல்லை. நீ எழுதிய அரைப் பக்கத்தில் இது ஒரு வரிகூட இல்லை. ஒரு தோல்வியோடு எல்லாம் முடிகிற போட்டியாக இருந்திருந்தால் உனக்கு அந்தக் காட்சியே கிடைத்திருக்காது.

இப்போது உன்னைத் திட்டப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. "மாஸ்டர் ஆன பிறகு போகலாம்" என்று எழுதியிருக்கிறாயே, உன் கடிதத்திலேயே மோசமான வரி அதுதான். இத்தனை வருடம் விழித்திருந்து பார்த்தாய், பெயர்களெல்லாம் மனப்பாடம், தொடர்கள் நின்றுபோனதற்கு வருத்தப்படுகிறாய். ஒரு தடவையாவது பெயர் கொடுத்திருக்கிறாயா? நாற்பது வயதில் மானிட்டரைச் சுமந்து வந்தவர் எந்தத் தகுதியோடு வந்தார்? ஜெயிக்கிற அளவுக்குத் தேறிய பிறகுதான் வருவேன் என்று எல்லோரும் காத்திருந்தால் அந்தக் கால்வாசி நாற்காலிகளில் யார் உட்காருவது? ராங்க் ஆட்டத்தில் மூன்றில் இரண்டு முடிந்ததும் எதிராளி மறைந்துவிடுகிறார், எதில் தோற்றாய் என்று அவரிடம் கேட்க முடியாது. அதனால்தான் நீ பிளாட்டினத்திலேயே நிற்கிறாயோ என்னவோ.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை, ஆர். ராத்திரி கண்விழித்துப் பார்த்த அந்தப் பையனை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

மே கடைசியில், மெமோரியல் டே விடுமுறையை ஒட்டி, காம்போ பிரேக்கர். உனக்குக் காரில் போய்வரும் தூரம், ஆனாலும் அங்கேயே அறை போடு. உன் கன்ட்ரோலர் பேடையும் அதன் வயரையும் எடுத்துப் போ. வயர்லெஸ்ஸில் ஆடினால், முடித்ததும் அந்தக் கன்சோலிலிருந்து இணைப்பை எடுத்துவிட்டு எழு. இல்லாவிட்டால் நீ எங்கோ நின்று தெரியாமல் பட்டனை அழுத்த, யாரோ இரண்டு பேருடைய ஆட்டம் நடுவில் நின்றுபோகும், அதற்காக உன்னைத் திட்டினால் அது நியாயம். முதல் ஆட்டத்தில் தோற்றவுடன் சாப்பிடப் போய்விடாதே, லூசர்ஸில் உன் பெயரைக் கூப்பிடுவார்கள், ஆள் இல்லையென்றால் வெளியேற்றிவிடுவார்கள். இரண்டாவதும் போன பிறகு, ஜெயித்தவரிடம் எதனால் என்று கேட்டு எழுதிக்கொள். அதை எனக்கும் அனுப்பு.