பார்லி நாரும் கொலஸ்ட்ராலும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, வயிற்றுக்குள் போகும் பார்லி, இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலை எப்படிக் குறைக்கும்?

பதில்: அந்த நார் இரத்தத்துக்குள் போவதே இல்லை, வேலை முழுவதும் குடலில்தான் நடக்கிறது. பார்லியில் உள்ள பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார், நீரை ஏற்றுக் கொழகொழப்பாகிறது. பார்லிக் கஞ்சி ஆறியதும் இறுகிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். கல்லீரல், கொலஸ்ட்ராலைக் கொண்டுதான் பித்த அமிலங்களைச் செய்து குடலுக்கு அனுப்புகிறது. கொழுப்பைச் செரிக்க உதவிய பின் அவற்றில் ஏறக்குறைய 95 விழுக்காடு, சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். பார்லியின் கொழகொழப்பு அவற்றில் ஒரு பகுதியைத் திரும்பவிடாமல் மலத்தோடு வெளியேற்றிவிடுவதால், அந்த இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.லைக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது.

கேள்வி: தினமும் காலையில் பார்லித் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிறேன். அது போதுமா?

பதில்: போதாது. நாரில் கொஞ்சம் நீரில் இறங்கினாலும், பெரும்பகுதி நீங்கள் வடிகட்டி ஒதுக்கும் பருக்கையிலேயே தங்கிவிடுகிறது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் என்பதே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006இல் பார்லிக்கும் ஏற்றுக்கொண்ட அளவு. அதைப் பெற 60 முதல் 75 கிராம் வரை உலர்ந்த பார்லி தேவைப்படும். ஆகவே வடிகட்டாமல் கஞ்சியாகவோ, உப்புமா, பொங்கல், கிச்சடியாகவோ பருக்கையோடு உண்ணுங்கள்.

கேள்வி: கடையில் கிடைப்பது தீட்டிய வெள்ளைப் பார்லி. சத்தெல்லாம் போயிருக்குமே?

பதில்: உமியும் தவிடும் போயிருக்கும், கரையும் நார் போயிருக்காது. பார்லியில் இது தானியத்தின் உட்பகுதி முழுவதும் பரவியிருக்கிறது என்பது இந்தத் தானியத்துக்கு வாய்த்த பெரிய நன்மை. தீட்டாதது கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம்.

கேள்வி: பார்லி மால்ட் சேர்ந்த சத்துமாவு பானம் உதவுமா?

பதில்: இதற்கு உதவாது. முளைகட்டும்போது தானியத்தில் சுரக்கும் நொதிகள் பீட்டா குளுக்கானைச் சிதைத்துவிடுகின்றன.

கேள்வி: என் தந்தைக்கு வயது 61, கொலஸ்ட்ரால் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். பார்லி தொடங்கினால் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பார்லியால் எல்.டி.எல். பொதுவாக 5 முதல் 10 விழுக்காடு வரைதான் குறையும். மாத்திரை அதைவிடப் பல மடங்கு குறைக்கும். பார்லி துணை நிற்கட்டும். மாத்திரையைப் பற்றி மருத்துவர் முடிவு செய்யட்டும். வாயு, வயிற்று உப்புசம் வராமலிருக்கக் கால் கிண்ணத்தில் தொடங்கிச் சில வாரங்களில் அளவைக் கூட்டுங்கள். பார்லியில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. அது ஒவ்வாத சீலியாக் நோயாளிகள் எந்த அளவிலும் இதை உண்ணக் கூடாது.