மெய்நிகர் வட்டின் வகையை மாற்றினால் வேகம் கூடுமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் கணக்குத் தரவுத்தளம் விஎம்வேர் சர்வரில் ஒரு மெய்நிகர் கணினியில் (சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்ட கணினியில்) இயங்குகிறது. அதன் 500 ஜிபி வட்டு ‘தின்’ வகையைச் சேர்ந்தது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது மிகவும் மந்தமாகிவிடுகிறது. சென்ற மாதம் மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் எடுத்த ஸ்னாப்ஷாட்டும் (கணினியின் அப்போதைய நிலையின் பதிவு) நீக்கப்படாமல் இருக்கிறது. வட்டை ‘திக்’ வகைக்கு மாற்றலாமா?

பதில்: மாற்றலாம், ஆனால் மந்தத்திற்கு முதற்காரணம் வட்டின் வகையாக இருக்க வாய்ப்பு குறைவு.

தின் வட்டு, தரவு எழுதப்படும்போதுதான் டேட்டாஸ்டோரில் (மெய்நிகர் வட்டுக் கோப்புகள் வைக்கப்படும் சேமிப்பிடத்தில்) இடம் பிடிக்கிறது. அந்த இடத்தைப் பூஜ்ஜியங்களால் நிரப்பிய பிறகே உங்கள் தரவு அதில் ஏறுகிறது. ‘திக் லேசி சீரோடு’ வகை இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிக்கொண்டாலும், பூஜ்ஜியம் நிரப்பும் வேலையை அந்த இடத்தில் முதன்முறை எழுதும் வரை தள்ளிப்போடுகிறது. ‘திக் ஈகர் சீரோடு’ மட்டுமே இரண்டையும் வட்டை உருவாக்கும்போதே முடித்துவிடுகிறது. ஆகவே வேறுபாடு ஓரிடத்தில் முதன்முறை எழுதும்போது மட்டுமே தெரியும். ஏற்கெனவே எழுதப்பட்ட பகுதிகளில் மூன்றும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் இயங்கும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படவைப்பது அந்த ஸ்னாப்ஷாட்தான். அதை எடுத்த நொடியிலிருந்து மூல வட்டு பூட்டப்பட்டு, புதிய பதிவுகள் அனைத்தும் தனியான டெல்டா கோப்புக்குப் போகின்றன. படிக்கும்போதும் முதலில் டெல்டாவைப் பார்த்து, அங்கே இல்லாவிட்டால்தான் மூல வட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் பரிந்துரை. வட்டு திக் வகையாக இருந்தாலும் இந்தச் சுமை குறையாது.

எனவே காப்புப்பிரதி எடுத்துவிட்டு, வேலை குறைவான ஒரு விடுமுறை நாளில் ஸ்னாப்ஷாட்டை ‘டெலீட்’ செய்யுங்கள். பெயர் அச்சமூட்டினாலும், டெல்டாவில் உள்ள மாற்றங்கள் மூல வட்டுடன் இணையுமே தவிர எதுவும் அழியாது. ஸ்னாப்ஷாட் எடுத்தபோதிருந்த நிலைக்கே வட்டைத் திருப்பிவிடும் ‘ரிவர்ட்’ கட்டளையை மட்டும் தொட்டுவிடாதீர்கள். ஒரு மாதக் கணக்கும் போய்விடும்.

அதன் பிறகும் மந்தம் நீடித்தால், மெய்நிகர் கணினியை நிறுத்திவிட்டு, டேட்டாஸ்டோர் பக்கத்தில் வட்டுக் கோப்பைத் தேர்ந்து ‘இன்ஃபிளேட்’ கொடுத்தால் அது ஈகர் சீரோடு வகையாக மாறும். அதற்கு முன் 500 ஜிபி முழுவதற்கும் டேட்டாஸ்டோரில் இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.