எது அகலம்?

அன்புள்ள ஐயா,

சின்னக் குழந்தைகளுக்குக் கணக்கு சொல்லித் தருவது பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். என் மகளுக்கு ஐந்து வயது. பயிற்சித் தாளில் 'அகலமானதற்கு வட்டமிடு' என்று இருந்தால் எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிடுகிறாள். ஆனால் நேற்று இரண்டு ரிப்பன் துண்டுகளை மேசைமேல் வைத்து, எது அகலம் என்று கேட்டேன். ஒன்று நீளம், ஆனால் ஒல்லி. மற்றது குட்டை, நல்ல அகலம். கொஞ்சமும் தயங்காமல் நீளமானதைக் காட்டினாள். விளக்கிச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டேன், அப்போதும் அதே பதில்தான். படத்தில் தெரிந்தது கையில் ஏன் தெரியவில்லை? ஸ்கேல் கொடுத்து அளக்கச் சொல்லலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளிடம் எந்தக் குறையும் இல்லை. நீங்கள் வைத்த கேள்விதான் இந்தப் பாடத்திலேயே கடினமான கேள்வி. கடைசியில் வரவேண்டியது முதலிலேயே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பயிற்சித் தாளை முதலில் பார்ப்போம். அதில் வழக்கமாக ஒரு பெரிய படமும் ஒரு சிறிய படமும் இருக்கும். அகலமான கதவு எல்லா வகையிலும் பெரிதாக இருக்கும், குறுகலான கதவு எல்லா வகையிலும் சின்னதாக இருக்கும். பெரிசுக்கு வட்டம் போட்டாலே விடை சரியாகிவிடும். அகலம் என்றால் என்னவென்று குழந்தை ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியதில்லை. பெரிசு, சின்னது என்பவைதான் குழந்தைகளுக்கு முதலில் வசப்படும் சொற்கள். உயரம், நீளம் எல்லாம் அப்புறம். அகலமும் தடிமனும் அதற்கும் பின்னால்தான் வருகின்றன. உங்கள் மகள் 'அகலம்' என்ற சொல்லை 'பெரிசு' என்றே புரிந்துவைத்திருக்கிறாள். நீளமான ரிப்பன் அவள் கண்ணுக்குப் பெரிசு, அதைக் காட்டினாள். அவள் புரிந்துகொண்ட அளவில் அது சரியான பதில்.

இந்த வயதுக் குழந்தையின் கவனம் கண்ணில் பளிச்சென்று படுகிற ஒரே அளவில் போய் நின்றுவிடும். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே செய்து காட்டிய தண்ணீர்ச் சோதனை இதற்குப் புகழ்பெற்ற சான்று. அகலமான டம்ளரிலிருந்து ஒல்லியான உயர டம்ளருக்குத் தண்ணீரைக் குழந்தையின் கண்ணெதிரேயே மாற்றி ஊற்றினாலும், உயர டம்ளரில்தான் அதிகம் என்று நாலைந்து வயதுக் குழந்தைகள் சொல்வார்கள். உயரம் கூடியது தெரிகிறது, அகலம் குறைந்தது கணக்கில் வருவதில்லை. வாயால் விளக்குவதால் மட்டும் இது எளிதில் மாறிவிடாது. நீங்கள் மறுபடி விளக்கியும் பலிக்காததற்குக் காரணம் இதுதான்.

அப்படியென்றால் என்ன செய்வது? மற்ற வித்தியாசங்களையெல்லாம் முதலில் எடுத்துவிடுங்கள். குழந்தைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் கருவிகளில் உருளைக் கட்டை என்று ஒன்று உண்டு. அதில் ஒரு வகையில் பத்து உருளைகள், எல்லாம் ஒரே உயரம், குறுக்களவு மட்டும் படிப்படியாக மாறும். ஒவ்வொன்றுக்கும் கட்டையில் அதற்கென்று ஒரு குழி. ஒல்லி உருளையை அகலக் குழியில் போட்டால் உள்ளே போய்விடும், ஆனால் கடைசியில் ஒரு தடி உருளை இடமில்லாமல் வெளியே நிற்கும். தப்பு என்று யாரும் சொல்ல வேண்டாம், கட்டையே காட்டிவிடும். எனக்கு மிகவும் பிடித்த கருவி இது. ஆனால் இதை வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஒரே நிறத் தாளில், ஒரே நீளத்தில், அகலம் மட்டும் வேறாக இரண்டு பட்டைகள் வெட்டிக்கொண்டால் போதும்.

அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். "எது எதை முழுசா மறைக்குது?" என்று கேளுங்கள். அகலப் பட்டை மேலே இருந்தால் மற்றது காணாமல் போகும். இடம் மாற்றினால் அடியிலிருந்து ஓரம் எட்டிப் பார்க்கும். ஒரு பக்க ஓரத்தைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதையும் இங்கேயே பழக்கிவிடலாம். எட்டிப் பார்க்கிற அந்தத் துண்டை விரலால் தடவச் சொல்லிவிட்டு, "இதுதான் அகலம் அதிகமா இருக்கிற இடம்" என்று சொல்லுங்கள். சொல்லுக்கு ஒரு பொருள் அப்போதுதான் கிடைக்கிறது.

அப்புறம் பட்டைகளைத் திருப்பி வையுங்கள். படுக்கையாக வைத்ததை நிமிர்த்துங்கள், சாய்த்து வையுங்கள். இடமிருந்து வலமாக ஓடுவதுதான் அகலம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் குழந்தை இங்கே தடுமாறும். தடுமாறட்டும், மறுபடி ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கட்டும். இந்தக் கட்டத்தில் அலமாரி, பெட்டி மாதிரிப் பொருள்களை எடுக்காதீர்கள். அவற்றில் எந்தப் பக்கம் அகலம் என்பது நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதையும் பொறுத்தது, பெரியவர்களுக்கே குழப்பம் வரும். ரிப்பன், பெல்ட், நாடா போல, நீளம் எது என்று ஐயத்துக்கு இடமில்லாத பொருள்களே இப்போதைக்கு நல்லது.

இரண்டில் ஒன்றைக் காட்டச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு கைவைத்தாலும் பாதி தடவை சரியாகிவிடும். அதனால் பதிலோடு விட்டுவிடாமல் "எப்படித் தெரிஞ்சுது? காட்டு" என்று கேளுங்கள். அவள் பட்டையை எடுத்து மற்றதன்மேல் வைத்தால் விஷயம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். பதில் தப்பாக இருந்து செய்கை சரியாக இருந்தால்கூட எனக்கு மகிழ்ச்சிதான்.

இது பழகியபின் மூன்றாவது பட்டை. நடுவில் இருப்பது ஒன்றைவிட அகலம், இன்னொன்றைவிடக் குறுகல். ஒரே பொருள் இரண்டாகவும் இருப்பதை ஐந்து வயது மனசு எளிதில் ஒத்துக்கொள்ளாது. இங்கே நாள் எடுக்கும், அவசரப்படுத்தாதீர்கள். அதன்பிறகே உங்கள் நீள ரிப்பனையும் குட்டை ரிப்பனையும் மறுபடி கொண்டுவாருங்கள்.

ஸ்கேல் இப்போது வேண்டாம். அவள் ஒப்பிடவே கற்றுக்கொண்டிருக்கிறாள், எண் நடுவில் வந்தால் கவனம் எண்ணுக்குப் போய்விடும். அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது: பக்கத்தில் கொண்டுவர முடியாத இரண்டு பொருள்களை ஒப்பிடுவது. இந்த மேசை அந்தக் கதவுக்குள் நுழையுமா என்று கேளுங்கள். மேசையின் அகலத்துக்கு ஒரு காகிதப் பட்டையைக் கத்தரித்து, அதைக் கதவுக்கு எடுத்துப் போய் வைத்துப் பார்க்கட்டும். நூலைவிடக் காகிதம் நல்லது, நூல் தொய்யும், இழுத்தால் நீளும். இது கைவந்தபின் ஸ்கேல் கொடுங்கள். பல ஸ்கேல்களில் பூஜ்யக் கோடு விளிம்பில் இருக்காது, கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருக்கும். குழந்தைகள் விளிம்பிலிருந்தே அளப்பார்கள், அதை மட்டும் முதல் நாளே காட்டிக் கொடுத்துவிடுங்கள்.