இகுவானாவுக்கு வீட்டுத் தழை: உப்பங்காற்று அடிக்கும் ஊரில் எதை, எப்படி வளர்ப்பது?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறோம். மூன்று வயதுப் பச்சை இகுவானா வளர்க்கிறோம். எடை ஒன்றரைக் கிலோ. சந்தைக் கீரையில் மருந்து இருக்குமோ என்று மாடியில் பை வைத்துக் கீரை போட்டோம். கிணற்றுத் தண்ணீர்தான் விடுகிறோம். இலை நுனி கருகுகிறது. இகுவானாவின் கூண்டுக் கண்ணாடியிலும் வெள்ளைப் பொடி படிகிறது. வேலியில் அரளி வேறு நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் பூச்சிமருந்துக்குப் பயப்படுகிறீர்கள். உங்கள் ஊரில் அதற்கு முன் பார்க்க வேண்டியது உப்பு. இலை நுனி கருகுவதற்கு அதுவே காரணமாக இருக்கும். கண்ணாடியில் படிவது இகுவானா தும்மித் தள்ளும் உப்பு. உடம்பில் மிஞ்சிய உப்பை வெளியேற்ற அதன் மூக்கில் தனிச் சுரப்பி உண்டு. கொஞ்சம் படிவது இயல்புதான். முன்பைவிடத் திடீரென்று கூடியிருந்தால், தழையிலும் குடிநீரிலும் உப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) வாங்கிக் கிணற்று நீரைச் சோதியுங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை. 1000ஐத் தாண்டினால் பைகளுக்கு அந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது. நிலத்தில் விட்டால் உப்பு கீழே இறங்க வழியுண்டு, பைக்குள் தங்கிவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீரையோ, ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து வைத்த மழைநீரையோ விடுங்கள். இகுவானா குடிப்பதற்கும் அதே நல்ல தண்ணீர்தான்.

மண் கலவை: செம்மண், மக்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. கடற்கரை மணல் வேண்டாம். நார்க்கழிவிலும் உப்பு இருக்கும்; நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். பிழிந்த நீரின் டி.டி.எஸ். அளவு, ஊற்றிய நீரின் டி.டி.எஸ். அளவுக்கு அருகே வரும்வரை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். தொழுவுரம் சாணி வாடை துளியும் இல்லாமல் மக்கியிருக்க வேண்டும். நம் பக்கம் மீன் கழிவை உரமாகப் போடும் வழக்கம் உண்டு. உப்புக்கண்டமும் கருவாட்டுக் கழிவும் இந்தப் பைகளுக்குள் போகக்கூடாது. பை ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். 15 லிட்டர் பைக்கு 15 லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடிய விடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இலையிலேயே உப்பு ஒட்டும். பறித்ததும் இரண்டு தண்ணீரில் அலசுங்கள்.

இனி எதை வளர்ப்பது. இகுவானா முழுக்க முழுக்கத் தழை தின்னி. அதற்குச் சுண்ணாம்புச்சத்து பாஸ்பரஸைப் போல இரு மடங்காவது வேண்டும். குறைந்தால் எலும்பு மெலிந்து தாடை வீங்கும், கால் நடுங்கும். முருங்கை, செம்பருத்தி, மல்பெரி என்ற முசுக்கட்டை, இவை மூன்றும்தான் முதுகெலும்பு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் முருங்கைக்கீரையில் சுண்ணாம்பு 440 மி.கி., பாஸ்பரஸ் 70 மி.கி. அப்படியும் முருங்கையை மட்டும் போடாதீர்கள். ஒரு வேளைத் தழையில் மூன்றில் ஒரு பங்கு போதும். உங்கள் இகுவானாவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 கிராம் தழை என்று வைத்துக்கொண்டால், அகலமான டிரம்மில் முருங்கை இரண்டு, செம்பருத்தி நான்கு, மல்பெரி மூன்று போதும். முருங்கை மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை தழைக்கும். மல்பெரிக்கு மூன்று நான்கு கணு உள்ள குச்சி போதும். செம்பருத்திப் பூவையும் கொடுக்கலாம். சர்க்கரைவள்ளித் தழை இடையிடையே சேரும். வெயில் காலத்துக்குச் சப்பாத்திக்கள்ளி ஒரு பை வையுங்கள். மடலைத் தீயில் வாட்டி, கண்ணுக்குத் தெரியாத பொடிமுள்வரை சுரண்டிவிட்டு, வாரம் ஒரு துண்டு.

பசலை, பருப்புக்கீரை, தண்டுக்கீரை இவற்றில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. வாரம் ஒரு சிட்டிகை தாண்ட வேண்டாம். பெயரில் ஏமாற வேண்டாம்: கல்யாண முருங்கை முருங்கையல்ல, அதில் ஆல்கலாய்டு என்ற நச்சுப்பொருள்கள் உண்டு.

அரளியை நான் வெட்டிவிடத்தான் சொல்வேன். இலை, பூ, குச்சி எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். காற்றில் ஒரு சருகு பையில் விழுந்து தழையோடு சேர்ந்தால் பிரித்தறிய முடியாது. எருக்கு, ஆமணக்கு, ஊமத்தை, தங்கஅரளி, குன்றிமணி இவையும் விஷச் செடிகளே. குன்றிமணியின் இலை புளியிலையைப் போல இருக்கும், வேலியில் பறிக்கும்போது கவனம். கடற்கரையில் படரும் அடம்பையும் பறிக்காதீர்கள்.

நர்சரிச் செடி வாங்கினால் அதன் தழையை உடனே கொடுக்காதீர்கள். இமிடாகுளோபிரிட் போன்ற மருந்து செடியின் சாற்றுக்குள் ஊடுருவி நிற்கும், கழுவினாலும் போகாது. புது மண்ணில் மாற்றி, பழைய இலைகளை வெட்டி எறிந்து, மூன்று மாதம் புதுத் துளிர் விட்ட பிறகு கொடுக்கலாம். சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசிய விதை பூஞ்சாண மருந்து கலந்தது. சாயமில்லாததைக் கேட்டு வாங்குங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, எறும்பையும் தடுத்தால் அடங்கும். அடர்ந்து ஒட்டிய கிளையை வெட்டிவிடுங்கள்.

இகுவானாவின் கழிவை இந்தப் பைகளிலும் வீட்டுக்கீரைப் பாத்தியிலும் போடாதீர்கள். அதில் சால்மோனெல்லா இருக்கலாம். தழை எவ்வளவு நல்லதானாலும் வெயில் இல்லாமல் சுண்ணாம்பு சேராது. கண்ணாடி வழியே வரும் வெயிலில் தேவையான புற ஊதாக் கதிர் இருக்காது. காலை வெயிலில், நிழலுக்கு ஒதுங்க இடம் விட்டு, கம்பிவலைக் கூண்டில் வையுங்கள்.

இகுவானா வெளிநாட்டு இனம். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நம்மூர் உடும்பையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.