தொழிற்சாலையே இல்லாத அணையில் பாதரசமா?

கேள்வி: புதிய அணை ஒன்றின் மீன்களில் பாதரசம் அதிகம் என்று படித்தேன். சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலை எதுவும் இல்லையாம். பிறகு அது எங்கிருந்து வந்தது? அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? மீனை நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சரியாகாது. மீன் சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிற சரக்கு அது. வேகவைத்தாலும் பொரித்தாலும் தோலை உரித்தாலும் போகாது.

பாதரசம் அணையோடு வரவில்லை, ஏற்கெனவே அங்கேதான் கிடந்தது. நிலக்கரிப் புகையிலும் எரிமலையிலும் கிளம்பிக் காற்றில் அலைந்து, மழையோடும் சருகோடும் இறங்கி, காலங்காலமாக மண்ணில் சேர்ந்தது. அப்படியே கிடந்தால் பெரிய தொல்லை இல்லை. தண்ணீர் மூடியதும் செடிகொடிகளும் மேல்மண்ணின் மட்கும் அழுகி, ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அந்த இருட்டுச் சேற்றில் ஆக்சிஜன் இல்லாமலே வாழும் சில பாக்டீரியாக்கள் பெருகி, பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றிவிடும். நரம்பு மண்டலத்தைத் தாக்குவது இந்த வடிவம்தான்.

கனடாவின் ஒன்டாரியோவில் ஏரிகளையே ஆய்வுக்கூடமாக வைத்திருக்கிறார்கள். 1993-இல் அங்கே ஒரு சதுப்புநிலத்தை வேண்டுமென்றே மூழ்கடித்துப் பார்த்தார்கள். மீத்தைல் பாதரச உற்பத்தி சுமார் 40 மடங்கு எகிறியது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. வருடக்கணக்கில் வாதாடிக்கொண்டிருக்காமல் செய்தே பார்த்துவிட்டார்களே!

சரி, தண்ணீர்? பாதரசத்தைப் பொறுத்தவரை குடிக்கலாம். லிட்டருக்கு நானோகிராம் (கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில்தான் இருக்கும். ஆனால் பாசி, பூச்சி, சிறு மீன், பெரிய மீன் என்று ஏறும்போது, நீரில் இருந்ததைப்போல் பத்து லட்சம் மடங்குகூட ஆகிவிடும். ஆகவே 'தண்ணீர்ச் சோதனையில் எல்லாம் நலம்' என்று யாராவது அறிக்கை நீட்டினால், அது பொய்யாக இருக்காது. உங்கள் கேள்விக்குப் பதிலாகவும் இருக்காது. மீனைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள். எவ்வளவு பெரிய மீனை என்றும் கேளுங்கள்.

எவ்வளவு காலம் இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மீனவருக்கு அதுதான் முக்கியம். கனடாவின் கியூபெக் மாகாணத்து லா கிராண்ட் நீர்த்தேக்கங்கள் 1978-இலிருந்து நிரம்பத் தொடங்கின. பிற மீன்களைத் தின்னும் பைக் மீனில் பாதரசம் உச்சத்தைத் தொடவே பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது, பழைய நிலைக்கு இறங்க இருபது முப்பது ஆண்டுகள். தலைமுறை தலைமுறையாக அந்த மீனை உண்டுவந்த கிரீ பழங்குடியினரிடம் 'குறைத்துச் சாப்பிடுங்கள்' என்றார்கள். இதைத் தீர்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீர் நிரம்புவதற்கு முன்பே செடிகொடிகளையும் மேல்மண்ணையும் அகற்றினால் பாக்டீரியாவுக்குத் தீனி குறையும். கனடாவின் லாப்ரடார் பகுதியிலுள்ள மஸ்க்ரட் ஃபால்ஸ் அணையில் 2016-இல் பழங்குடியினர் உண்ணாவிரதம் வரை போய்க் கேட்டது இதைத்தான். மண்ணை அகற்றாமலே 2019-இல் நிரப்பினார்கள்.

இப்போதைக்கு, பிற மீன்களைத் தின்னும் பெரிய, வயதான மீனைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்ப்பது நல்லது. பாசியும் பூச்சியும் தின்னும் சிறு மீனில் பாதரசம் மிகக் குறைவு.