கர்த்தர் உண்மையுள்ளவர் என்று நம்பியும் மனதில் சந்தோஷம் இல்லையே, ஏன்?

"ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன், ஆனாலும் சபையில் சாட்சி சொல்கிறவர்கள் முகத்தில் தெரிகிற சந்தோஷம் எனக்கு வரவில்லை. கர்த்தர் உண்மையுள்ளவர் என்று நீங்கள் எதை வைத்து நம்புகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போதகர் இல்லை. ரங்கூனில் மஞ்சள், மிளகாய், மல்லி விற்கிற குடும்பம். வேதாகமக் கல்லூரிப் படியை மிதித்ததில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. எனக்குப் பதினொரு வயது. 25, 35, 75 கியாட் நோட்டுகள் இனி செல்லாது என்று அரசாங்கம் அறிவித்தது. மாற்றிக்கொள்ளத் தவணை இல்லை, ஈடாக ஒரு பைசா இல்லை. மிளகாய் கொள்முதலுக்கு அப்பா பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தது பெரும்பாலும் 75 நோட்டுகள்தான். தாத்தாவுக்கு இதே கதை 1964-ல் நடந்தது. அப்போது 50, 100 நோட்டுகள் போயின. நடுவில் 1985-லும் ஒரு தடவை. பிறகு 45, 90 என்று ஒன்பதால் வகுபடுகிற நோட்டு அடித்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு நன்றாக வந்தது, அவ்வளவுதான் லாபம்.

அந்த 75 நோட்டில் ஒன்றை அப்பா தன் வேதத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டார். சில வருஷம் கழித்து வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். காணிக்கை போடுங்கள், நூறத்தனையாய்த் திரும்பி வரும், கர்த்தர் உண்மையுள்ளவர் என்று தொண்டை கிழியப் பேசினார். அப்பா அந்த நோட்டை எடுத்துத் தட்டில் போட்டார். அடுத்த ஞாயிறு பொருளாளர் மாமா ஒன்றும் பேசாமல் அதை அப்பா சட்டைப் பையில் திருப்பி வைத்தார். "நூறத்தனை வரலைய்யா, போட்டதுதான் வந்திருக்கு" என்றார் அப்பா. வீட்டுக்கு வந்ததும் அம்மா திட்டினாள்.

அந்தப் பிரசங்கியார் சொன்ன அர்த்தத்தில் கர்த்தர் உண்மையுள்ளவர் என்று நீங்கள் நம்ப முயற்சி செய்திருந்தால், சந்தோஷம் வராததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. போட்டது திரும்பி வருகிறதா என்று தினமும் கணக்குப் பார்க்கிறவனுக்கு எங்கிருந்து சந்தோஷம் வரும்?

நாம் வழக்கமாகச் சொல்கிற வசனம் புலம்பல் 3:23. "அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது." அந்தப் புத்தகமே எருசலேம் இடிந்து எரிந்த பிறகு பிறந்த ஒப்பாரி. மேலேயும் கீழேயும் பசியும் பிணமும்தான், நடுவில் இந்த வரி. இங்கே 'உண்மை' என்பதற்கு எபிரெயத்தில் 'எமுனா' என்ற சொல். 'ஆமென்' பிறந்த வேரிலிருந்து வந்தது. இதே சொல் யாத்திராகமம் 17-ல் மோசேயின் கைகளைப் பற்றி வருகிறது. அமலேக்கியரோடு சண்டை நடக்கிறது. மோசேக்குக் கை ஓய்ந்துபோகிறது. ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்கிறவன் இன்னொரு பக்கமும் தாங்கிப் பிடிக்கிறார்கள். பொழுது சாயும்வரை அவன் கைகள் "ஒரே நிலையாயிருந்தது" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. அந்த 'ஒரே நிலை'க்கு மூலத்தில் இருப்பது எமுனா! இதை ஒரு வேதபாட வகுப்பில் கேட்ட அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மை என்றால் கொடுத்த வாக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். கீழே விழாமல் பிடித்திருக்கிற பிடியும் அதுதானாம்.

அது எப்படி இருக்கும் என்று 2021 ஜூலையில் பார்த்தேன். அந்த மாதம் ரங்கூனில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொரோனா, ஆக்ஸிஜனுக்கு வரிசை வரிசையாய் ஜனம். அப்பாவுக்கு மூச்சு இறங்கிக்கொண்டே போனது. விடியற்காலை மூன்று மணிக்கு வரிசையில் நின்றால் மத்தியானம் ஒரு சிலிண்டர் நிரப்பலாம், அதுவும் தீராமல் இருந்தால். நாற்பது லிட்டர் சிலிண்டர் ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, படிக்கட்டு ஆள் அகலம். தூக்கியது நான், முதல் மாடிப் பர்மிய அம்மாவின் பேரன், டீக்கடையில் வேலை பார்த்த முஸ்லிம் பையன். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்ட நேரம் அது. ஒவ்வொரு படிக்கும் அந்தப் பையன் பர்மியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் குரல் கொடுத்தான். நாலு தடவை ஏற்றினோம்.

ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார்.

இதைச் சாட்சி நேரத்தில் சொன்னால் யாரும் கை தட்ட மாட்டார்கள். சுகம் கிடைக்கவில்லையே! பிறகு ஒரு மாதம் நான் ஜெபிக்கவே இல்லை. உங்களை மாதிரி வாசித்துக்கொண்டு, ஜெபித்துக்கொண்டு, சந்தோஷம் மட்டும் வராமல் இருப்பது அந்த நிலைமைக்கு எவ்வளவோ மேல்.

1813-ல் ரங்கூனில் வந்து இறங்கிய அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயாவை நினைத்துக்கொள்வேன். முதல் ஞானஸ்நானம் கொடுக்கவே அவருக்கு ஆறு வருஷம் ஆனது. அன்றைய தலைநகர் ஆவாவில் சிறையில் விலங்கோடு கிடந்தபோது அவர் மொழிபெயர்த்த கையெழுத்துப் பிரதியை மனைவி தலையணைக்குள் தைத்துக் காப்பாற்றினார். 1826-ல் அந்த மனைவியும், சில மாதத்தில் குழந்தையும் இறந்தார்கள். மனிதர் உடைந்துபோனார். காட்டுக்குள் குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாராம். தேவனை நம்புகிறேன், ஆனால் கண்டடைய முடியவில்லை என்று எழுதினார். அதற்குப் பிறகுதான், 1834-ல், பர்மிய வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்து முடித்தார். இன்றைக்கும் இங்கே ஆலயங்களில் அதைத்தான் வாசிக்கிறார்கள். சந்தோஷம் இல்லாத வருஷங்களிலும் அவர் தேவனுடைய ஆள்தான்.

சரி, சந்தோஷம். ரங்கூனில் மாடி வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் கிளிப், மேல் நுனியில் சின்ன மணி. பேப்பர்காரன், காய்காரி எல்லாரும் கிளிப்பில் மாட்டிவிட்டுக் கயிற்றை ஆட்டுவார்கள். அப்பா படுத்த நாளிலிருந்து தினமும் காலை ஆறரைக்கு எங்கள் மணி அடிக்கும். முதல் மாடி அம்மா அரிசிக் கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் பேண்ட் போட்டு மாட்டியிருப்பார். அப்பா போன பிறகும் நிறுத்தவில்லை. மூன்றாம் வாரம் ஒருநாள் எங்கள் அம்மா அவசரமாய் இழுத்ததில், பை இரண்டாம் மாடிக் கம்பியில் சிக்கிக் கிழிந்து, அங்கே காயப்போட்டிருந்த புது லுங்கிமேல் அத்தனையும் கொட்டிவிட்டது. லுங்கிக்காரர் வெளியே வந்து மேலே பார்க்கிறார். அம்மாவுக்குச் சிரிப்பு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. "உங்கப்பா இருந்திருந்தா அந்த ஆளுக்கு 75 நோட்டைக் குடுத்திருப்பாரு" என்றாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி இருவரும் வீட்டு ஜெபம் பண்ணினோம்.

"கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியது சிறையிலிருந்து என்பது எல்லாருக்கும் தெரியும். அதே அதிகாரத்தைக் கீழே வாசித்துப் பாருங்கள். எப்பாப்பிரோதீத்து கையில் அவர்கள் கொடுத்தனுப்பியது வந்து சேர்ந்தது என்று நன்றி சொல்கிறார். 'இருங்கள்' என்பதும் ஒரு சபைக்கே சொன்னது. தனியாக அறைக்குள் உட்கார்ந்து சந்தோஷத்தை முக்கி வரவழைக்கச் சொல்லவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். (போதகர்கள் திருத்தட்டும்.) இந்த ஞாயிறு உங்களுக்குப் பாட்டு வரவில்லையா, வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் பாடட்டும். உங்களுக்கு யாராவது எதையாவது கொண்டுவந்தால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கட்டாய ராணுவச் சேவை வந்த பிறகு மகன் நாட்டைவிட்டுப் போனான். எங்கே இருக்கிறான் என்று இங்கே எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் போன் வரும்வரை இன்றைக்கும் சோறு இறங்காது.

கயிறு தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. முதல் மாடி அம்மாவுக்கு இப்போது முட்டி வலி, படி இறங்க முடியவில்லை. எங்கள் அம்மாதான் ரசம் வைத்து, சோறும் கட்டி, காலையில் கயிற்றில் இறக்குகிறாள். வந்தது தெரிய அங்கேயும் ஒரு மணி கட்ட வேண்டும் என்று மூன்று வாரமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் இன்னும் வாங்கவில்லை.