பதில்: மகள் கூடைப்பந்தை நம்பிப் போகலாமா?

அக்கா, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரச் சாட்ஸ்வர்த்தில் மெட்ரிக் (பள்ளியின் கடைசி வருடம்) படிக்கும் மகள் கூடைப்பந்துதான் வாழ்க்கை என்கிறாள், நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாய்க்கு வரும் நியாயமான பயம்தான்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை கேண்டஸ் பார்க்கரைப் பாருங்கள். 2008இல் அமெரிக்காவின் டபிள்யூஎன்பிஏ என்ற பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீகில் முதல் வருடமே சிறந்த வீராங்கனை. 2009 மே மாதம் மகள் பிறந்தாள். அதே சீசனில் திரும்ப ஆட வந்துவிட்டார்! அப்புறம் 2016, 2021, 2023 என மூன்று பட்டங்கள், மூன்று வெவ்வேறு அணிகளுக்காக. லீகும் வீராங்கனைகள் சங்கமும் செய்த 2020 ஒப்பந்தம் வந்தபின் அங்கே மகப்பேறு விடுப்புக்கு முழுச் சம்பளமும் உண்டு.

என் கவலையெல்லாம் மெட்ரிக் மதிப்பெண்தான். அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகையோடு ஆட வேண்டுமென்றால் பள்ளி மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். பயிற்சி, பயிற்சி என்று கணக்கைக் கைவிட வேண்டாம். ஆட்ட வீடியோக்களை இப்போதே கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.